வெள்ளிக்கிழமைக் காற்று

மோர்னிங்சைட்டில் வசிக்கும் அன்புராசா கடந்த இருபத்தொரு வருடங்களாக வெறுமையைப் பெட்டியில் அடுக்கி வடதுருவப் பக்கம் அனுப்பி வருகிறார். இதற்காகக் கனடா அரசாங்கம் அவருக்கு இரண்டு கிழமைக்கு ஒருமுறை சம்பளமும், பல் கட்டக் காப்புறுதியும் தருகிறது. உலகில் வேறெந்த அரசாங்கமும் ஒன்றுமில்லாததற்கு இவ்வளவு ஒழுங்காகச் சம்பளம் கொடுத்ததில்லை.

அவருடைய ஆய்வுகூடம் ரொறன்ரோவின் வடக்கு ஓரத்தில் இருக்கிறது. இரண்டு லீற்றர் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவி, சூடாக்கி, உள்ளே இருக்கும் காற்றை ஒரு துளி மிச்சமில்லாமல் பம்பால் உறிஞ்சி, மூடியை இறுக்குவது அவர் வேலை. அந்த வெறுங்குடுவைகள் விமானம் ஏறி ஆர்க்டிக் கரையில் உள்ள அவதான நிலையத்துக்குப் போகும். அங்கே பணியில் இருப்பவர் செவ்வாயும் வெள்ளியும் இரண்டு குடுவைகளைத் தூக்கிக்கொண்டு பனிவெளியில் காற்றுக்கு எதிராக நடப்பார். மூச்சை அடக்குவார். கையை நீட்டி மூடியைத் திறப்பார். காற்று தானாகவே உள்ளே பாயும். மூடியபிறகுதான் அவர் மூச்சு விடலாம். மனித மூச்சில் உள்ள காபனீரொட்சைட், அதாவது கரியமில வாயு, கணக்கைக் கெடுத்துவிடும். கார் புகை, ஆலைப் புகை, அடுப்புப் புகை எதுவும் எட்டாத இடத்துக் காற்றில் அந்த வாயு வருடா வருடம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பதுதான் இத்தனை பாட்டுக்கும் காரணம்.

ஒரு குடுவை போதாதா என்று கேட்கலாம். போதாது. ஒன்றுக்கு மற்றது சாட்சி. இரண்டும் ஒரே எண்ணைச் சொன்னால் ஏற்றுக்கொள்வார்கள், மாறிச் சொன்னால் இரண்டையும் தள்ளிவிடுவார்கள்.

அன்புராசாவின் துயரம் என்னவென்றால், இருபத்தொரு வருடத்தில் பல்லாயிரம் குடுவைகள் வடக்கே போயிருக்கின்றன, அவர் போனதில்லை. முதல்முறை நிலையத்துக்குப் போவோர் பட்டியலில் பெயர் வந்தபோது மனைவி வேரோனிக்கா பிள்ளைத்தாய்ச்சி. இரண்டாவது முறை மகள் ஜெசிகா தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கும் நாள். மூன்றாவது முறை, போன புரட்டாதியில், சீனி. வைத்தியசாலை இல்லாத இடத்துக்கு, இரத்தத்தில் இவ்வளவு சீனியோடு ஆளை அனுப்ப முடியாது என்று வைத்தியர் எழுதிக் கொடுத்துவிட்டார். ஆய்வுகூடத் தலைவி டொக்டர் ஈவா ஆறுதல் சொன்னார். சீனியை இறக்கிக் காட்டினால் ஜூலையில் தொடங்கும் ஆறுமாதத் தவணைக்கு அவர் பெயரைப் பார்க்கலாம், சித்திரை முடிவில் தீர்மானிப்போம் என்றார். அடுத்த வருடம் அன்புராசாவுக்கு ஓய்வு. ஆகவே ஜூலைதான் கடைசி.

தைமாதத் தவணைக்கு கிருபன் போனான். இருபத்தொன்பது வயது. வேலைக்கு வந்து நாலே வருடம். சீனி இல்லை, கொழுப்பு இல்லை, கலியாணம் இல்லை. ஆய்வுகூடம் முழுக்க அன்புராசாவை ‘அன்பு’ என்று கூப்பிடும்போது இவன் ஒருவன் மட்டும் எல்லோர் காதிலும் விழ ‘அங்கிள்’ என்பான். போதாக்குறைக்கு அவன் தாய் மங்கையற்கரசி அன்புராசா வீட்டிலிருந்து நாலாவது வாசல்.

கிருபன் போய் மூன்றாம் கிழமை, தமிழ்க் கடை வாசலில் இலவசமாக அடுக்கியிருக்கும் பத்திரிகையில் அரைப்பக்க வண்ண விளம்பரம் வந்தது. பெரிய குளிரங்கிக்குள் கிருபனின் பல் மட்டும் தெரிந்தது. ‘வடதுருவம் மிதித்த முதல் தமிழன்’ என்று மேலே போட்டிருந்தார்கள். கீழே வாழ்த்துபவர்கள்: அம்மா, மாமா, மாமி, ஒரு வீடு விற்பனை முகவர்.

அன்புராசா நாலு பிரதிகளை எடுத்து வந்தார். அக்கம்பக்கத்தில் நாலு பேராவது பார்க்காமல் இருக்கட்டும் என்பது எண்ணம்.

“உங்கடை முகம் ஏன் பூசணம் பிடிச்ச பாண் மாதிரி இருக்கு?” என்று வேரோனிக்கா கேட்டார்.

“உவன் துருவத்திலை நிக்கேல்லை. இன்னும் எண்ணூறு கிலோமீற்றர் போகவேணும். எனக்குத் தெரியும், பெட்டிக்கு விலாசம் ஒட்டுறது நான்.”

“எண்ணூறு கிலோமீற்றர் எண்டால்?”

“இஞ்சையிருந்து கியூபெக் சிற்றி. கியூபெக் சிற்றியிலை நிண்டுகொண்டு ரொறன்ரோவிலை நிக்கிறன் எண்டு ஆரும் சொல்லுவினமோ?”

“மிசிசாகாவிலை வீடு வாங்கிப்போட்டு ரொறன்ரோ எண்டு சொல்லுற சனம்தானே. விடுங்கோ.”

“அப்பா, யூ ஆர் சோ ஜெலஸ்,” என்றாள் ஜெசிகா, கைத்தொலைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“எனக்கென்ன பொறாமை? நான் தூரத்தைச் சொல்லுறன்.”

அன்றிலிருந்து அவர் தூரத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஞாயிறு பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் தேத்தண்ணி குடிப்பவர்களிடம் சொன்னார். பிறம்ரனில் ஒரு பிறந்தநாள் விழாவில், கேக் வெட்டுவதற்குச் சற்று முன் சொன்னார். எண்ணூறு கிலோமீற்றர் குறைவாக இருந்தாலும் அவ்வளவு தூரம் போனது பெரிய விஷயம்தானே என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அது அவர் எதிர்பார்த்த முடிவு அல்ல.

முதல் என்ற பட்டம் போய்விட்டது. இரண்டாவது தமிழன் என்று எந்த வீடு விற்பனை முகவரும் விளம்பரம் போடமாட்டார். ஆனாலும் ஜூலை இருக்கிறது. அன்புராசா புட்டை விட்டு ஓட்ஸுக்கு மாறினார். தினமும் வேலை முடிந்து ஒரு மணித்தியாலம் நடந்தார். காற்றுக்கு எதிராக நடந்தார், மூச்சை அடக்கிப் பழகினார். பஸ் தரிப்பில் நின்ற ஒரு சீனக் கிழவி, ஆளுக்கு ஏதோ நடக்கிறது என்று அம்புலன்ஸைக் கூப்பிடப் பார்த்தார்.

மாசி நடுவில் கிருபனின் முதல் பெட்டி திரும்பி வந்தது. பங்குனியில் இரண்டாவது. செவ்வாய்க்கிழமைக் குடுவைகளைப் பற்றி டொக்டர் ஈவா சொன்ன வார்த்தைகளை அன்புராசா வீட்டில்கூடச் சொல்லவில்லை. பத்து வருடத்தில் இவ்வளவு நேர்த்தியான சோடிகள் வந்ததில்லை, இரண்டும் அச்சில் வார்த்ததுபோல ஒரே எண் என்று அந்த அம்மா சொன்னார். ஆனால் வெள்ளிக்கிழமைக் குடுவைகள் எல்லாம் கோணல். காபனீரொட்சைட் கூட. முதல் குடுவையில் ஒரு எண், இரண்டாவதில் இன்னொன்று. ஏதோ எரிந்த புகையின் அடையாளமும் இருந்தது. மின்பிறப்பாக்கியின் புகை அந்தப் பக்கம் போகவில்லை. காற்றின் திசை சரி. வண்டி எதுவும் ஓடவில்லை. கிருபனுக்கு மின்னஞ்சல் போட்டுக் கேட்டார்கள். ‘செய்முறையில் எந்த மாற்றமும் இல்லை’ என்று அவன் மனச்சுத்தியோடு எழுதியிருந்தான்.

“ஆர்க்டிக்கில் வெள்ளிக்கிழமை மட்டும் என்ன நடக்கிறது?” என்று டொக்டர் ஈவா திரையைப் பார்த்துக் கேட்டார்.

அன்புராசாவுக்கும் தெரியவில்லை. ஆனால் மனதுக்கு இதமாக இருந்தது.

அந்தக் கிழமையே மங்கையற்கரசி வந்து கதவைத் தட்டினார். கையில் ஒரு பொதி.

“அண்ணை, உங்கடை பெட்டியிலை ஒரு சின்னப் பார்சல் வைக்க இடமிருக்கோ? கறித்தூளும் ஒரு பெட்டி கற்பூரமும்தான்.”

“அதுக்குள்ளை குடுவையைத் தவிர ஒண்டும் வைக்கேலாது தங்கச்சி. சட்டம். கற்பூரம் அங்கை என்னத்துக்கு?”

“நான் குடுத்துவிட்டது முடியப்போகுதாம். வெள்ளிக்கிழமையிலை கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டிட்டுத்தான் வேலை தொடங்கவேணும் எண்டு சொல்லி விட்டனான். பிள்ளை ஒரு வெள்ளியும் தவறவிடேல்லை அண்ணை. உள்ளுக்குக் கொளுத்தினால் புகை மணி அடிக்குமாம். அதாலை காத்து எடுக்கிற இடத்திலையே வெளியிலை நிண்டு கொளுத்துறவனாம்.”

ஒரு மாதமாக மூன்று கலாநிதிகள், ஒரு கணினி, இரண்டு செய்மதிகள் தேடிய விடை அவர் வீட்டு வாசலில் சால்வை போர்த்துக்கொண்டு நின்றது.

இந்த இடத்தில் ஒரு நல்ல மனிதன் என்ன செய்திருப்பான் என்பது எல்லோருக்கும் தெரியும். அன்புராசாவுக்கும் தெரிந்திருந்தது. அவர் சொன்னார்:

“தூளை விடுங்கோ, அது மணக்கும். கற்பூரத்தைத் தாங்கோ. சாமி விஷயம்.”

இருபத்தொரு வருடத்தில் அவர் மீறிய முதல் விதி அது. கற்பூரப் பெட்டியை மூன்று பொலித்தீன் பைக்குள் போட்டு, சப்பாத்துச் சொக்ஸ் ஒன்றுக்குள் திணித்து, பெட்டியின் மூலையில் வைத்தார். கத்தோலிக்கராகப் பிறந்து, ஞாயிறு தவறாமல் பூசை காணும் ஒருவர், ஒரு சைவப் பிள்ளையின் வழிபாட்டுக்கு இவ்வளவு அக்கறையோடு உதவியது மத நல்லிணக்கத்துக்கு உதாரணமாகச் சொல்லத் தக்கது. வெள்ளிக்கிழமைகள் தொடர்ந்து கெட்டால் கிருபனுக்குத் தவணை நீட்டிக் கொடுக்கமாட்டார்கள் என்பதும், அப்படியானால் ஜூலைக்கு ஒரே ஒரு பெயர்தான் மிஞ்சும் என்பதும் அவர் மனதில் ஒரு மூலையில் இருந்தன. மற்ற மூலைகளிலும் அவையே இருந்தன.

சித்திரையில் சீனி இறங்கிவிட்டது. வைத்தியர் கையெழுத்துப் போட்டார். மூன்றாவது பெட்டி வந்தது. வெள்ளிக்கிழமைகள் முன்னிலும் மோசம். புதுக் கற்பூரம் நன்றாக எரிந்திருக்க வேண்டும். அன்புராசா அன்று பின்னேரம் வீட்டுக்குப் போகும்போது பஸ்சில் இருக்கை கிடைத்தும் நின்றுகொண்டே போனார். அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த நாள் டொக்டர் ஈவா அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தினார். அவர் மேசையில் மூன்று பெட்டிகளின் அடுக்குப் படம் இருந்தது.

“அன்பு, செவ்வாய்க் குடுவைகளை நீங்கள் மேல்தட்டிலும் வெள்ளிக் குடுவைகளைக் கீழ்த்தட்டிலும் அடுக்குகிறீர்கள், அப்படித்தானே?”

“எப்போதும் அப்படித்தான்.”

“கெட்டவை எல்லாமே கீழ்த்தட்டு.” அவர் சற்று நேரம் பேனையை உருட்டினார். “பிழை கிழமையில் இல்லை, குடுவையில் என்று நினைக்கிறேன். மூடி சரியாக இறுகவில்லை. வழியில் புகைக்காற்று உள்ளே கசிந்திருக்கிறது. நான் உங்களைக் குறை சொல்லவில்லை. இருபத்தொரு வருடம் நீண்ட காலம். கண், கை எல்லாம் களைக்கும். மிசிசாகாவில் ஒரு நிறுவனம் இந்த வேலையைச் செய்து தருவதாகச் சொல்கிறது. இந்த வெள்ளிக்கிழமை நான் முடிவெடுக்க வேண்டும். நீங்கள் ஜூலையில் வடக்கே போகும்போது அவர்களிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டுப் போகலாம்.”

அப்படியானால் ஜூலை அவருக்குத்தான். டொக்டர் ஈவா வாயாலேயே சொல்லிவிட்டார். அன்புராசா செய்ய வேண்டியதெல்லாம் தலையை ஆட்டுவது. தன் குடுவை கசிந்தது என்று தலையை ஆட்டுவது.

வீட்டில் அவர் ஓட்ஸைத் தொடவில்லை.

“போகக் கிடைச்சிட்டுது,” என்றார்.

வேரோனிக்கா கரண்டியைக் கீழே வைத்தார். “அப்ப ஏன் செத்தவீட்டிலை இருக்கிற மாதிரி இருக்கிறியள்?”

“என்ரை குடுவை ஒழுகுதாம்.”

“ஒழுகுதோ?”

“ஒழுகாது வேரோனிக்கா. என்ரை மூடி ஒருநாளும் ஒழுகாது. கண்ணை மூடிக்கொண்டு இறுக்கினாலும் ஒழுகாது.”

“பின்னை ஏன் கெட்டது?”

கற்பூரக் கதையை அவர் சொன்னார். அனுப்பியது யார் என்பதையும் சொல்லவேண்டி வந்தது. வேரோனிக்கா கரண்டியைத் திரும்ப எடுத்தார். முதியோர் இல்லத்தில் பதினைந்து வருடம் வேலை செய்தவர், எதையும் கேட்டு அதிர்ச்சியடையாத பழக்கம் உள்ளவர்.

“அந்தப் பெடியனுக்கு நெருப்பைக் குடுத்துவிட்டதும் நீங்கள், இப்ப சுடுது எண்டு கத்துறதும் நீங்கள்,” என்றார். “சொல்லாமல் போனியள் எண்டால் அங்கை போய் நிண்டு அந்தக் குடுவையை எப்பிடி ஐயா திறப்பியள்? ஒழுகின குடுவை எண்டு அவை நினைச்சுக்கொண்டு இருக்கேக்கை?”

புதன்கிழமை மதியம் அன்புராசா ஆய்வுகூடத்தின் பின்பக்க வாகனத் தரிப்பிடத்துக்கு இரண்டு சோடிக் குடுவைகளோடும் ஒரு பெட்டிக் கற்பூரத்தோடும் போனார். கற்பூரத்தைக் காலையில் தமிழ்க் கடையில் வாங்கியிருந்தார். கடைக்காரர் அவர் கழுத்துச் சிலுவையையும் கற்பூரத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் பையில் போட்டுக் கொடுத்தார்.

முதல் சோடியைச் சும்மா எடுத்தார். காற்றுக்கு எதிராக முப்பது அடி நடந்தார். மூச்சை அடக்கினார். மூடியைத் திறந்தார். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. இருபத்தொரு வருடத்தில் அந்தச் சத்தத்தை அவர் இப்போதுதான் கேட்டார். இரண்டு குப்பைத் தொட்டிக்கும் ஒரு டொயோட்டாவுக்கும் நடுவில் நின்று கேட்டார். பிறகு காலடியில் இரண்டு கட்டிக் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தி, கும்பிடுகிறவன் எவ்வளவு நேரம் நிற்பான் என்று கணக்குப் பார்த்து நின்று, இரண்டாவது சோடியைத் திறந்தார்.

வாசல் காவலாளி சண்முகநாதன் ஓடி வந்தார்.

“என்ன அண்ணை, நேர்த்திக்கடனோ?”

அன்புராசா மூச்சு விட முடியாத நிலையில் இருந்தார். கையைக் காட்டினார். சண்முகநாதன் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு, சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் தானும் ஒருமுறை கும்பிட்டார்.

அளந்து பார்த்தபோது முதல் சோடி இரண்டும் ஒரே எண்ணைச் சொன்னது. ரொறன்ரோக் காற்றுத்தான், அழுக்குத்தான், ஆனால் ஒரே அழுக்கு. இரண்டாவது சோடி ஒன்றுக்கொன்று மாறிச் சொன்னது. அதில் இருந்த புகையின் அடையாளம் ஆர்க்டிக் வெள்ளிக்கிழமைகளோடு அப்படியே பொருந்தியது. இந்த நாலும் கீழ்த்தட்டில் அடுக்க வைத்திருந்தவை என்று அன்புராசா இரண்டு தடவை சொன்னார்.

டொக்டர் ஈவா திரையில் எண்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். “இது எப்படி உங்களுக்குத் தோன்றியது?”

“வெள்ளிக்கிழமை,” என்றார் அன்புராசா. “எங்கள் ஆட்களில் பாதிப்பேருக்கு வெள்ளிக்கிழமை வந்தால் இது வேண்டும்.”

கற்பூரம் பார்சலில் போன விவரம் அவர் விளக்கத்தில் இடம்பெறவில்லை. அறிவியல் விளக்கங்கள் சுருக்கமாக இருப்பது நல்லது.

வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. மிசிசாகா நிறுவனத்துக்கு நன்றி சொல்லி எழுதியாகிவிட்டது. கிருபனுக்கு மின்னஞ்சல் போனது. அவன் ஒரு மணித்தியாலத்துக்குள் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டு எழுதினான். காரணம் தெரிந்துவிட்டதால், செவ்வாய்க்கிழமைகள் அவ்வளவு நேர்த்தியாக இருப்பதால், ஜூலைத் தவணையும் அவனுக்கே.

“உங்களை அனுப்ப ஆசைதான் அன்பு,” என்றார் டொக்டர் ஈவா. “ஆனால் கழுவுகிற இடத்தில் பிழை என்று நானே சந்தேகப்பட்டேன், நீங்களே அதைப் பொய்யென்று காட்டிவிட்டீர்கள். இப்படிக் குடுவை தயார் செய்ய இங்கே வேறு ஆளில்லை. உங்களை ஆறு மாதம் விட்டுவிட்டு நான் என்ன செய்வேன்?”

அன்புராசா தலையை ஆட்டினார். தன் வேலையை இவ்வளவு நன்றாகச் செய்ததற்கு அவருக்குக் கிடைத்த தண்டனை அது.

“பெடியன் மனமுடைந்து போயிருப்பான். உங்கள் மொழியில் ஒருமுறை கதையுங்கள்,” என்று சொல்லி நிலையத்தின் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்தார். அன்புராசா வீட்டுக்குப் போய், வேரோனிக்கா பக்கத்தில் இருக்க, அழைப்பு எடுத்தார்.

“அங்கிள்?” கிருபனின் குரல் ஒரு நொடி பிந்தி வந்தது. “சொறி அங்கிள். உங்கடை குடுவையளைச் சந்தேகப்பட்டதாம் எண்டு டொக்டர் எழுதினவ. எனக்கு அதுதான் பெரிய கவலை.”

“சரி, சரி. எப்பிடியடா அந்த இடத்திலை போய்க் கொளுத்துவாய்?”

“மூச்சு விடாதை எண்டுதானே சொல்லித் தந்தது. நெருப்பைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. எனக்கும் டொக்டர் கேட்டெழுதின பிறகு, கற்பூரம்தானோ எண்டு ஒரு ஐமிச்சம் வந்ததுதான். நிப்பாட்டுவம் எண்டு நினைச்சன். அப்ப உங்கடை பெட்டியிலை சொக்ஸுக்குள்ளை கற்பூரம் வந்தது. அங்கிளே அனுப்புறார் எண்டால் பிழையா இருக்காது எண்டு விட்டிட்டன்.”

அன்புராசா வேரோனிக்காவைப் பார்த்தார். வேரோனிக்காவுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

“அதை டொக்டருக்கு எழுதினனியோ?”

“என்னெண்டு எழுதுறது? உங்களைப் பிடிச்சுப் போடுவினம் எல்லோ. அது எங்களுக்குள்ளை அங்கிள். அம்மாக்குத்தான் சொல்லிப்போடாதேங்கோ, அவ தன்னாலை எண்டு அழுவா.”

தொலைபேசியில் இரண்டு பக்கமும் காற்றின் இரைச்சல் கேட்டது. ஒன்று ஆர்க்டிக்கின் காற்று, மற்றது மோர்னிங்சைட் ஹீற்றரின் காற்று.

“அங்கை வெளியிலை நிக்கேக்கை என்ன மாதிரி?” என்று அன்புராசா கேட்டார். கேட்கக்கூடாது என்றுதான் நினைத்திருந்தார்.

“ஒண்டும் மணக்காது அங்கிள். ஒண்டுமே இல்லை. சூரியன் இப்ப மறையிறதே இல்லை. மூடியைத் திறக்கேக்கை அந்தச் சத்தம் மட்டும் கேக்கும். உங்களைத்தான் நினைக்கிறனான், இதை ஆர் இப்பிடி வெறுமையா வைச்சவர் எண்டு.”

“சரி வை. பிறகு எடுக்கிறன்,” என்றார் அன்புராசா.

தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கிருபன் கெட்டிக்காரன் என்று தெரியும். இளமை, உடம்பு, எல்லாம் தெரிந்ததுதான். இப்போது நல்லவனாகவும் போய்விட்டான்.

“பெடியன் என்ன சொல்லுறான்?” என்று வேரோனிக்கா கேட்டார். “கவலையா இருக்கிறானோ?”

“இல்லை,” என்றார் அன்புராசா. “சுகமாத்தான் இருக்கிறான்.” அதைவிடக் கெட்ட செய்தி அந்தக் கிழமையில் அவருக்கு வேறு வரவில்லை.